வலிக்காத பல்

இப்படி வந்து உக்காருங்க, இங்கதான் ஃபேன் காத்து வரும். ஐயோ, பேசாதீங்க, பேசாதீங்க. கன்னம் கொழுக்கட்டையாட்டம் வீங்கிக் கெடக்குது, இதுல வாயைத் தொறந்து தேங்க்ஸ் வேற சொல்லோணுமா? தலையை மட்டும் ஆட்டுங்க, எனக்குப் புரியும். டோக்கனைக் காட்டுங்க. பதினாலா? நான் பதினஞ்சு. உள்ள இப்பத்தான் பன்னண்டு போயிருக்குது. முக்கா மணி நேரம் ஆகுமுங்க.

எனக்கா? எனக்கு வலியெல்லாம் இல்லீங்க. சொன்னா நீங்க சிரிப்பீங்க, சிரிச்சா உங்களுக்கு வலிக்கும், அதனால மெதுவாச் சொல்றேன். என் பல்லு நல்லாத்தான் இருக்குது. அதைப் புடுங்கத்தான் வந்திருக்கேன்.

அப்படிப் பாக்காதீங்க, நான் கிறுக்கன் இல்லை. தராசு வியாபாரி. பேரு சென்னியப்பன். ஈரோட்டுல மஞ்ச மார்க்கெட்டுக்குப் போற ரோட்டுல பத்தொம்பது வருசமாக் கடை. மளிகைக் கடை மேசைத் தராசு, காய்கறித் தராசு, விக்கறது, ரிப்பேர் பாக்கறது எல்லாம் உண்டு. அதோ மூலையில ஆள் எடை பாக்கற மெஷின் நிக்குது பாருங்க, நம்ம சரக்குதான். உள்ள டாக்டரம்மா ரூம்ல ஒண்ணு இருக்குது. மாடியில ஒண்ணு பெட்டி பிரிக்காமயே கெடக்குது. பல்லு டாக்டருக்கு மூணு எடை மெஷின் எதுக்குங்கறீங்களா? நல்ல பல்லைப் புடுங்க நான் எதுக்கு வந்தனோ, அதுக்குத்தான் அவங்களும் வாங்குனாங்க.

சிகரம் வணிகர் வட்டம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? குடுத்து வெச்சவரு. வாராவாரம் புதன்கிழமை காலைல ஆறரை மணிக்கு ஒரு ஓட்டல் ஹால்ல கூடுவோம். நாப்பத்திரண்டு பேரு. ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான். ஒரு ஆடிட்டரு, ஒரு பல்லு டாக்டரு, ஒரு திரைச்சீலைக்காரரு, ஒரு தராசுக்காரன். ஒருத்தருக்கொருத்தர் யாவாரம் புடிச்சுக் குடுக்கோணும், அதான் கணக்கு. குடுத்த யாவாரத்தைச் சீட்டுல எழுதி எந்திரிச்சு நின்னு படிக்கோணும். "அன்பான உறவுகளே, இந்த வாரம் நம்ம திரைச்சீலைக்காரருக்கு என் சகலை வீட்டு வேலையைக் குடுத்திருக்கேன்" அப்படீன்னு. எல்லாரும் கை தட்டுவாங்க. முன்னாடி பேனர்ல பெருசா எழுதியிருக்கும், "வியாபாரம் அல்ல, உறவு"ன்னு. நல்ல வாசகந்தானுங்க. நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா சகலை எத்தனை பேரு இருப்பாங்க, சொல்லுங்க? மொத ஆறு மாசம் சொந்தக்காரங்களைக் குடுத்தேன். அப்புறம் கடைக்கு வர்றவங்களைக் குடுத்தேன். அதுவும் தீந்துச்சு. அப்புறம் என்னையே குடுக்க ஆரம்பிச்சனுங்க. எங்க வீட்டுல இப்ப மூணு தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ஓடுது. குளிக்கற ரூமுக்குக்கூட திரைச்சீலை மாட்டியிருக்குது. எம் பொண்டாட்டி, "நீங்க வட்டத்துல சேந்தீங்களா, இல்ல வட்டம் நம்ம வீட்டுல குடி வந்துருச்சா"ங்கறா. அவளுக்கு யாவாரம் தெரியாது, விடுங்க.

நாலு வாரம் சீட்டு இல்லாமப் போனா, "இடம் திறந்திருக்கு"ன்னு போர்டுல போட்டுருவாங்க. அப்புறம் அந்தத் தொழில்ல வேற யாரை வேணும்னாலும் கூப்புட்டுச் சேத்துக்கலாம். எனக்கு மூணு வாரம் போச்சுங்க. நாளைக்கு நாலாவது புதன். இன்சூரன்ஸ் சிவசண்முகம்னு ஒருத்தரு, ஆளைச் சேக்கற பொறுப்பு அவருக்கு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, "அண்ணா, நீங்க விட்டாலும் பரவால்லீங்ணா. பக்கத்துக் கடைக்காரரே தராசுதானே, அவரைப் பேசிக்கறேன்"ங்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு?

பக்கத்துக் கடைன்னா வெள்ளிங்கிரி அண்ணன். அதுதானுங்க விசயமே.

தலை ஆட்டறீங்களே, தெரியுமா அவரை? இல்லையா. சரி, சொல்றேன். எனக்கு அவரு ஆறு வயசு மூப்பு. அவருக்கும் தராசுக் கடை, எனக்கும் தராசுக் கடை, நடுவுல ஒத்தைச் செவுரு. பாக்கறவங்க எல்லாம், "எப்படிங்க ஒரே தொழிலை ஒட்டி ஒட்டிப் பண்றீங்க"ன்னு கேப்பாங்க. எங்களுக்கே தெரியாதுங்க எப்படின்னு. பெரிய தராசு வேலை வந்தா நான் அவர்கிட்ட அனுப்புவேன். லோடு எடை போடற பிளாட்பாரத் தராசுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. சின்னத் தராசு வந்தா, "அதுக்குச் சென்னி கைதான் சரி"ன்னு எனக்கு அனுப்புவாரு. எந்தச் சீட்டுலயும் எழுதல, எவனும் கை தட்டல. அவரு கடைச் சாவி ஒண்ணு என்கிட்ட, எங்கடைச் சாவி ஒண்ணு அவர்கிட்ட. கல்லு மட்டும் கூட்டு.

கல்லுன்னா எடைக்கல்லுங்க. பெரிய தராசைச் சரி பாக்கோணும்னா, நெச எடை உள்ள கல்லை அது மேல ஏத்தி, காட்டறது சரியான்னு பாக்கோணும். அரை டன் தராசுக்கு இருவது கிலோ கல்லு இருவத்தஞ்சு வேணும். ஒருத்தருக்குக் கட்டுபடியாகாதுன்னு ரெண்டு பேரும் சேந்து வாங்குனோம். எடம் பத்தாம பதிமூணு எங்கடையில, பன்னண்டு அவரு கடையில.

அந்தச் சிவசண்முகம் எங்க ரெண்டு பேரையுந்தான் வட்டத்துக்கு விருந்தாளியாக் கூப்புட்டாரு. அண்ணன் ஸ்கூட்டர்லதான் போனோம். நல்ல பொங்கல், நல்ல வடை. எல்லாம் முடிஞ்சு, வட்டத்துல சேரக் கையெழுத்துப் போடற பாரத்தைக் கொண்டாந்து மேசையில வெச்சாங்க. அப்பத்தான் சொல்றாங்க, ஒரு தொழிலுக்கு ஒருத்தருன்னு. அண்ணன் அந்நேரம் கை கழுவப் போயிருந்தாரு. பாரம் எனக்கு முன்னால இருக்குது. பேனாவை மூடி கழட்டி என் கையில குடுத்துட்டாங்க. நாப்பது பேரு பாக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? கை கழுவப் போனவரு சீக்கிரம் வந்திருக்கோணுமில்ல?

வந்தாரு. பாரத்தைப் பாத்தாரு. "நல்லதுடா சென்னி, எனக்குக் காலைல எந்திரிக்கறது ஆகாது"ன்னாரு. அதே ஸ்கூட்டர்ல திரும்பி வந்தோம். அதான் சொல்றேன், அவருக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. இருந்தா வழியிலயே சொல்லியிருப்பாரில்ல?

வலிக்குதா? இந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க. சொல்லி முடிச்சர்றேன்.

வட்டத்துல குழந்தைவேல்னு அரிசி மில்லுக்காரரு ஒருத்தரு. அவரு மில்லுல அரை டன் தராசு. அவருக்குந்தான் சீட்டுப் பஞ்சம், தராசு ரிப்பேரை எனக்குச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அந்த வேலை அண்ணன் வேலை. பழைய நாளா இருந்தா, செவுத்தைத் தட்டி, "அண்ணா, உனக்கொரு மில்லு வந்திருக்குது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். வட்டத்துல அப்படி முடியாதுங்க. வட்டத்து வேலையை வெளியாளுக்குத் தள்ளிவிடக் கூடாது. "எனக்குத் தெரியாதுங்க"ன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லவும் முடியாது.

நானே போனேன். என் பதிமூணு கல்லையும் ஏத்திட்டுப் போனேன். மீதிப் பன்னண்டை அண்ணங்கிட்டக் கேட்டா எந்த மில்லுன்னு கேப்பாரு. அதனால கேக்கல. பதிமூணு கல்லு இருநூத்தி அறுபது கிலோ. அது வரைக்கும் தராசு சரியாக் காட்டுச்சு. மேல சரி பாக்கக் கல்லில்லை. மில்லுலதான் மூட்டை மூட்டையா அரிசி இருக்குதே, பத்துப் பத்தா அரை டன்னுக்குக் கணக்கா எடை போட்டு அடுக்குனது. கல்லை எறக்கிட்டு, அதுல ஒரு அடுக்கைத் தூக்கி மேல வெச்சேன். தராசு அச்சுப் பெசகாமக் காட்டுச்சு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. சந்தோசமா வீட்டுக்கு வந்துட்டேன்.

என்ன தப்புன்னு புரியுதுங்களா? தராசுக்காரனா இல்லாததுனால உங்களுக்குச் சட்டுனு தோணாது. அந்த மூட்டையெல்லாம் எந்தத் தராசுல எடை போட்டது? அதே தராசுல. அது தப்பா நிறுத்த மூட்டையையே அது மேல வெச்சு, சரியான்னு அதுகிட்டயே கேட்டிருக்கேன். ஆமா சாமி சரின்னு சொல்லிருச்சு. பத்தொம்பது வருசத் தொழில்ல கத்துக்குட்டிகூடப் பண்ண மாட்டான் அந்த வேலையை.

பத்து நாள்ல மில்லுக்கு வந்த அரிசி யாவாரி எடை குறையுதுன்னு சண்டைக்கு வந்துட்டாராம். குழந்தைவேல் எங்கடைக்கு ஓடியாந்திருக்காரு. கடை பூட்டிக் கெடக்குது. நான் எங்க? திரைச்சீலைக்காரரு வீட்டுல ஒன் டு ஒன். அதாவது வட்டத்துல ரெண்டு பேரு தனியா உக்காந்து ஒரு மணி நேரம் உறவை வளத்தோணும், போட்டோ எடுத்து குரூப்புல போடோணும். நான் அங்க உறவு வளத்திட்டு இருந்தேன்.

பக்கத்துக் கடையில இருந்து அண்ணன் எந்திரிச்சு வந்து, "என்னங்க வேணும்"னு கேட்டிருக்காரு. கேட்டுட்டு, எங்கடைச் சாவியை எடுத்துத் தொறந்து என் பதிமூணு கல்லை எடுத்து, அவரு பன்னண்டையும் சேத்து வண்டியில ஏத்தி, மில்லுக்குப் போயி தராசைப் பிரிச்சு, நாலு மூலையும் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டாரு. குழந்தைவேல், "நீங்க யாருங்க"ன்னு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்காரு தெரியுங்களா? "சென்னிதானுங்க அனுப்புனான். அவனுக்கு வேற சோலி"ன்னு சொல்லியிருக்காரு.

நான் பொழுதோட கடைக்கு வந்தேன். கல்லு பதிமூணும் அடுக்குன எடத்துல அடுக்கியிருக்குது. மேசை மேல எங்கடைச் சாவி கெடந்துச்சு. அவர்கிட்ட இருந்த சாவிங்க. வெச்சுட்டுப் போயிட்டாரு.

எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல. மில்லு விசயமே புதன்கிழமை கூட்டத்துலதான் தெரிஞ்சுது. குழந்தைவேல் எந்திரிச்சு நிக்கறாரு. "சென்னியப்பன் அண்ணன் தன்னால வர முடியலைன்னாலும் தன் ஆளை அனுப்பி என் மானத்தைக் காப்பாத்துனாரு. இதான் உறவு!"ன்னு கண் கலங்கிட்டாரு. கை தட்டல் அடங்கவே இல்லை. முன்னாடி கூப்புட்டு சால்வை போட்டு, "உறவுச் சிகரம்"னு கண்ணாடி போட்ட சட்டம் ஒண்ணு குடுத்தாங்க. நான் என்ன, "என் ஆளு இல்லீங்க, நான் அனுப்பலைங்க"ன்னு மைக்குல சொல்ல முடியுமா? கையைக் கூப்பி வாங்கிட்டு வந்தேன்.

அதைக் கடையில மாட்டாம இருந்திருக்கலாம். மாட்டிட்டனுங்க. சிவசண்முகம் வந்து போட்டோ எடுக்கறேன்னாரு. ஆணி அடிக்கற சத்தம் கேட்டு அண்ணன் எட்டிப் பாத்தாரு. படிச்சாரு. "வாழ்த்துக்களுங்க"ன்னாரு. என்னைய, வாழ்த்துக்களுங்கன்னு! இருவது வருசமா வாடா போடான்னு கூப்புட்ட மனுசன். ஏழு மாசமாச்சு. என்ன பேசுனாலும் வாங்க, சரிங்க, பாக்கலாமுங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்ப பெரிய தராசு வேலை வந்தா என்கிட்டப் பதிமூணு கல்லு, அவர்கிட்டப் பன்னண்டு. அவரு போயி எங்கிருந்தோ வாடகைக்கு எடுக்கறாரு. நான் வந்த வேலையைத் திருப்பி அனுப்பறேன்.

வெசனமா இருக்குதுங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தச் செவுத்தைத் தட்டக் கை போயிப் போயித் திரும்பி வருது.

அப்ப வட்டத்தை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானேங்கறீங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க. சுலபமாச் சொல்லிடலாம். என் ஆடிட்டர் வட்டம், என் இன்சூரன்ஸ் வட்டம், மக வீட்டுக்குத் தச்சு வேலை பண்றவரு வட்டம், இன்னும் சமையல்கட்டுல பாதி நிக்குது. நான் வெளிய வந்தா அத்தனையும் நடு ரோட்டுல நிக்கும். அதுகூடப் போகட்டும். நான் விட்ட இடத்துல அண்ணனைச் சேத்தாங்கன்னா? அவரு அங்க எந்திரிச்சு நின்னு, "உறவுகளே"ன்னு ஆரம்பிச்சு மில்லுக் கதையைச் சொன்னாருன்னா? அவரு சேர மாட்டாரு. எனக்கே தெரியும். காலைல எந்திரிக்கறது ஆகாது அவருக்கு. சேந்தாலும் சொல்ற ஆளு இல்லை. ஆனாலும் இடத்தை விட மனசு வரலீங்க.

அதான் பல்லு. ரெண்டு தடவை கிளீனிங் பண்ணியாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு. திரும்பத் திரும்பக் கிளீனிங்னு எழுதுனா சீட்டு செல்லாதுங்கறாங்க. டாக்டரம்மா பாவம், நல்லவங்க. "கடைசிக் கடவாய்ப் பல்லு ஒண்ணு இருக்குதுங்க அங்கிள், அது இருந்தாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதான்"னாங்க. சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கல. நானும் மாடியில கெடக்கற பெட்டியைப் பத்திக் கேக்கல. இன்னிக்குப் புடுங்கினா நாளைக்குச் சீட்டு. அவங்களுக்கு ஒரு யாவாரம், எனக்கு ஒரு மாசம்.

பதிமூணு உள்ள போறாரு பாருங்க. அடுத்தது நீங்கதான். டோக்கன் குடுத்த பொண்ணு என்னைக் கூப்புடுது. இரும்மா, நானா? என்ன பாரம்? கூட வந்தவங்க பேரு, போன் நெம்பரா? யாரும் வரலியே கண்ணு. பல்லு எடுத்தா ஒரு மணி நேரம் கூட ஆளிருக்கோணுமா? இதை முன்னமே சொல்லோணுமில்ல? வீட்டுக்காரி மக வீட்டுக்குப் பொள்ளாச்சி போயிட்டாளே. சரி, குடு, எழுதறேன்.

பாத்தீங்களா கூத்தை. நாப்பத்திரண்டு பேரு நெம்பரு இந்தப் போன்ல இருக்குது. யாரைக் கூப்பிடறது? ஆடிட்டரைக் கூப்பிட்டா அதை ஒன் டு ஒன்னுல சேத்துக்கலாமான்னு கேப்பாரு. சிவசண்முகம் வந்தாருன்னா வாய்ல ரத்தத்தோட என்னைய போட்டோ எடுத்துப் போட்டுருவாரு. ஒருத்தருகூடவா... இருங்க, யோசிக்கறேன்.

எழுதிட்டேன். இந்தாம்மா.

யாரு பேரு எழுதுனீங்கன்னு பாக்கறீங்களா? கை பாட்டுக்கு எழுதிருச்சுங்க. போனைப் பாக்காம எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நெம்பரு அது ஒண்ணுதான். சும்மா பேருக்குத்தான் எழுதுனேன், பாரத்துல காலியா விடக் கூடாதுன்னு. ஐயையோ, அந்தப் பொண்ணு போன் போடுதே! ஏம்மா! ஏ கண்ணு, கூப்பிடாதே, வெச்சிரு! அட, பேசுது.

என்னம்மா சொன்னாரு? என்னது? வர்றாரா?

கடையைச் சாத்திட்டு வர்றாராமுங்க. "எந்தப் பல்லு, நெம்ப வலிக்குதா அவனுக்கு, எத்தனை நாளா வலி"ன்னு கேட்டாராமுங்க.

இருங்க. கண்ணைத் தொடச்சுக்கறேன். ஒண்ணுமில்லீங்க. ஏழு மாசமுங்க. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம, கடையைச் சாத்தறாருன்னா பாருங்க. பொழுது சாயற நேரந்தான் அவருக்கு யாவாரம்.

இப்பவே எந்திரிச்சுப் போயி வாசல்ல நின்னாப் போதும். அவரு வண்டியை நிறுத்துறப்பவே, "அண்ணா, பல்லுல ஒண்ணுமில்லைண்ணா, எல்லாம் என் புத்தியிலதான்"னு சொல்லிடலாம். சிரிப்பாரு. இல்லைன்னா கன்னத்துல ஒண்ணு வெப்பாரு. எதுவா இருந்தாலும் நல்லதுதான். ஒரே நிமிச வேலை.

நாளைக்குப் புதன்கிழமைங்க.

அவரு வந்தா பக்கத்துல உக்காந்து, "வாயைத் தொற, பாப்போம்"பாரு. அந்த மனுசன்கிட்டப் பொய் சொல்ல முடியாதுங்க. தராசைத் தூரத்துல இருந்து பாத்தே எத்தனை கிராம் கோளாறுன்னு சொல்றவரு. என் மூஞ்சியைப் பாத்ததும் தெரிஞ்சுக்குவாரு.

ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு வலின்னு எனக்குத் தெரியுது. ஆனா இத்தனை நாள் பொறுத்துட்டீங்க, இன்னும் அரை மணி நேரம். உங்க பதினாலை எனக்குக் குடுத்துட்டு நீங்க பதினஞ்சுல போறீங்களா? கும்பிட்டுக் கேக்கறனுங்க, குடுங்க. அவரு வந்து சேர்றதுக்குள்ள புடுங்கிட்டாங்கன்னா வாயில பஞ்சு வெச்சுருவாங்க. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அவரு என்ன கேட்டாலும் நான் பேச வேண்டியதில்லை பாருங்க.